தோற்றவரும் அவரே, வென்றவரும் அவரே!

ஆலங்குளம் கடைவீதியிலே தேர்தல் பேச்சு எழாத நாள் ஏது? காய்கறிச் சந்தையில் மூட்டை இறக்கும் தோழரும், பீடிக் கட்டுகளை எண்ணிக் கொடுத்துவிட்டு வீடு திரும்பும் தாய்மாரும் கேட்பது ஒன்றுதான்: யாருக்கு எத்தனை வாக்கு? நாம் வேறொன்றைக் கேட்கிறோம். அந்த வாக்கை எந்த முறையிலே எண்ணினார்கள்? இந்தக் கேள்வியோடு வாழ்நாளெல்லாம் மல்லாடியவர் டாக்டர் அம்பேத்கர்.

1891 ஏப்ரல் 14இல் பிறந்து, பள்ளியிலே தண்ணீர்ப் பானையைத் தொட விடாத சாதிக் கொடுமையைத் தாங்கி, கொலம்பியாவிலும் லண்டனிலும் பட்டம் பெற்ற வரலாறு தோழர்கள் அறிந்ததே. நாம் லண்டன் வட்டமேசை மாநாட்டுக்குப் போவோம். அங்கே அவரோடு அமர்ந்தவர் நம் தமிழகத்து இரட்டைமலை சீனிவாசன். இருவரும் வாதாடியதன் பயன் 1932 ஆகஸ்டில் வந்தது. ஒடுக்கப்பட்டோருக்கு இரண்டு வாக்கு: ஒன்று, தங்கள் பிரதிநிதியைத் தாங்களே தேர்ந்தெடுக்க, மற்றொன்று, பொதுத் தொகுதியிலே எல்லோரோடும் சேர்ந்து போட. நாடு முழுவதும் 71 இடங்கள், சென்னை மாகாணத்துக்கு 18.

எரவாடா சிறையிலே காந்தியார் உண்ணாநோன்பு தொடங்கினார். ஓர் உயிரின் பாரம் முழுவதும் ஒரே மனிதர் தலையிலே ஏற்றப்பட்டது. செப்டம்பர் 24இல் பூனா ஒப்பந்தம். 71 என்பது 148 ஆயிற்று, சென்னைக்கு 30. இடம் பெருகியது, பிடி நழுவியது! முதற்கட்டத்தில் நால்வரைப் பொறுக்கும் உரிமை ஒடுக்கப்பட்டோருக்கு. அந்த நால்வரில் யார் என்று முடிவு கட்டுவதோ ஊரார் அனைவரும்.

இதன் சூட்சுமம் ஒரு சிறு கணக்கிலே விளங்கும். இரண்டு இடம் உள்ள ஒரு தொகுதி. மேலத்தெருவிலே 64 பேர், ஒடுக்கப்பட்ட மக்கள் வாழும் கீழத்தெருவிலே 36 பேர். ஆளுக்கு இரண்டு வாக்கு. இரண்டையும் வெவ்வேறு ஆளுக்குத்தான் போட வேண்டும். மேலத்தெருவின் இருவருக்கும் 64, 64. கீழத்தெருவின் ஆளுக்கு 36. ஒதுக்கீடு இருக்கிறதே என்பீர்கள். ஒதுக்கிய இடத்துக்கு நிற்பவர்களிலும் அந்த 64 பேர் கை காட்டியவரே வருவார்! இரண்டு வாக்கையும் ஒருவருக்கே குவிக்கலாம் என்று வையுங்கள். கீழத்தெருவின் ஆளுக்கு 72. மேலத்தெருவிடம் உள்ளது 128 வாக்கு. இருவரை 72க்கு மேலே தூக்க அது போதாது. கீழத்தெருவுக்கு ஓர் இடம் உறுதி. ஆட்கள் அதே நூறு பேர்தான்!

பம்பாயிலே 1937 தேர்தலில் இப்படிக் குவித்துப் போட இடமிருந்தது. அம்பேத்கர் வென்றார், அவருடைய சுதந்திரத் தொழிலாளர் கட்சியின் வேட்பாளர்களிலும் பெரும்பாலோர் வென்றனர். 1946 மாகாணத் தேர்தலிலோ அவர் கட்சி படுதோல்வி கண்டது. அரசியல் நிர்ணய சபைக்கு வழி? அதே ஆண்டு வங்கத்து சட்டமன்றம் திறந்துவிட்டது. அங்கே ஒற்றை மாற்று வாக்கு முறை: உறுப்பினர் 1, 2, 3 என்று விருப்பம் குறிப்பார், முதல் ஆளுக்குப் பயன்படாத வாக்கு அடுத்தவருக்குப் போகும். நம் கணக்கிலே இந்த முறையில் 34 பேர் இருந்தால் ஓர் இடம் உறுதி. ஜோகேந்திரநாத் மண்டலின் முயற்சியால் சிதறிக் கிடந்த வாக்குகள் சேர்ந்தன, அம்பேத்கர் வென்றார். பிரிவினையில் அந்த இடம் போயிற்று. 1947இல் பம்பாயிலிருந்து மறுபடி வந்தார்.

ஒன்றை நாம் மறைக்க வேண்டியதில்லை. 1949 சனவரியில் மக்களவைக்கு விகிதாசார முறை வேண்டுமென்று திருத்தம் வந்தபோது, அதை மறுத்துப் பேசியவர் இதே அம்பேத்கர். எழுத்தறியாதார் மிகுந்த நாட்டுக்கு அது ஒவ்வாது, சபை துண்டு துண்டாகும், ஆட்சி நிலைக்காது என்பது அவர் வாதம். நமக்கு இது உறுத்துகிறது. ஆயினும் எண் எழுதத் தெரியாத கோடிக் கணக்கானவரை எண்ணிப் பார்க்கும்போது, அந்த வாதத்தை அற்பமென்று தள்ளவும் முடியவில்லை.

மூன்றாண்டிலே பாடம் அவர் மேலேயே விழுந்தது. 1952இல் வடபம்பாய் இரட்டைத் தொகுதி. வாக்காளருக்கு இரண்டு வாக்கு; ஒருவருக்கே குவிக்கத் தடை. ஒதுக்கிய இடத்திலே சட்டம் சமைத்தவர் ஏறத்தாழ 14,500 வாக்கில் தோற்றார், காங்கிரசின் கஜ்ரோல்கரிடம்! அதே ஆண்டு மாநிலங்களவைக்கு மாற்று வாக்கு முறையிலே நின்றார், வென்றார். மனிதர் ஒருவரே, ஆண்டும் ஒன்றே. எண்ணிய முறைதான் வேறு.

1955இல் மொழிவாரி மாநிலங்கள் பற்றி எழுதிய நூலிலே, ஒற்றை உறுப்பினர் தொகுதிக்குப் பதிலாக இரண்டு மூன்று உறுப்பினர் தொகுதிகளும், வாக்கைக் குவிக்கும் உரிமையும் வேண்டுமென்று கேட்டார். 1956 டிசம்பர் 6இல் மறைந்தபோதும் மாநிலங்களவை உறுப்பினராகவே மறைந்தார்.

கேட்டது கிடைக்கவில்லை. இரட்டைத் தொகுதிகளையே 1961இல் சட்டம் போட்டு ஒழித்தார்கள். ஆலங்குளத்துக்கு வடக்கே உள்ள சங்கரன்கோவில் 1957இல் இரண்டு உறுப்பினரை அனுப்பிய தொகுதி. இன்று ஒரே உறுப்பினர் கொண்ட தனித்தொகுதி. கீழத்தெருவின் 36 பேர் அங்கே போடுவது ஒற்றை வாக்கு. அதைக் குவிக்கவும் வழியில்லை, மாற்றவும் வழியில்லை.