கொரில்லாக்களின் தோழி டயன் ஃபாசி

கொரில்லா என்றதும் நம்மில் பலருக்கு ஞாபகம் வருவது கிங்காங் படம்தான். அந்தப் பயத்தைப் போக்கியவர் ஒரு பெண்மணி.

1932-ல் அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோ நகரில் பிறந்த டயன் ஃபாசி, முதலில் ஊனமுற்ற குழந்தைகளுக்குப் பயிற்சி கொடுக்கும் வேலையில் இருந்தார். 1963-ல் கடன் வாங்கி ஆப்பிரிக்கா போனார். அங்கே லூயி லீக்கி என்ற அறிஞரைச் சந்தித்ததுதான் திருப்பம். 1967-ல் ருவாண்டா நாட்டின் எரிமலைக் காட்டில், சுமார் 10,000 அடி உயரத்தில், கரிசோகே முகாமை அமைத்தார்.

கொரில்லாவிடம் அவர் நிமிர்ந்து நடந்து போகமாட்டார். கைமுட்டியை ஊன்றித் தவழ்வார். தழையை மெல்லுவார், அவை ஏப்பம் விடுவது மாதிரியே சத்தம் கொடுப்பார். மூன்று வருஷப் பொறுமை! 1970-ல் பீனட்ஸ் என்ற ஆண் கொரில்லா தானாக வந்து அவர் கையைத் தொட்டது.

இதே அம்மையார்தான் சுற்றுலாப் பயணிகளைக் கூட்டி வராதீர்கள் என்று சண்டை போட்டவர். ஏன் தெரியுமா நண்பர்களே? ஆபத்து கொரில்லாவின் கையில் மட்டுமில்லை, நம் மூச்சிலும் இருக்கிறது. நமக்குச் சாதாரண சளி, அதற்கு உயிரே போகும். நம் சிவகாசிப் பக்கம் மருந்து ரூம்களுக்கு நடுவே இடைவெளி விட்டுக் கட்டுகிறோமே, ஒன்றில் பிடித்த தீ அடுத்ததற்குத் தாவக்கூடாது என்றுதானே? அதே கணக்குதான் இதுவும்.

அவர் உயிராக நேசித்த டிஜிட் என்ற கொரில்லாவை 1977 டிசம்பர் 31-ல் வேட்டைக்காரர்கள் கொன்று, தலையையும் கைகளையும் வெட்டிப் போனார்கள். 1985 டிசம்பர் 26-ல் ஃபாசியும் தன் குடிசையில் வெட்டிக் கொல்லப்பட்டார். டிஜிட்டின் பக்கத்திலேயே புதைத்தார்கள்.

சுற்றுலா நிற்கவில்லை. இன்று ஒரு குழுவில் 8 பேர், ஒரு மணி நேரம். காய்ச்சல், இருமல் உள்ளவர் போகக்கூடாது. பழைய 7 மீட்டர் தூரம் 2020 கொரோனாவுக்குப் பின் 10 மீட்டர் ஆனது, முகமூடியும் வந்தது. 1981-ல் விருங்கா மலைகளில் சுமார் 250 கொரில்லாக்கள். 2016 கணக்கில் 604. காவலர் சம்பளத்துக்குச் சுற்றுலாப் பணமும் உதவியது என்பதால், இந்த ஒரு விஷயத்தில் என்னால் அம்மையார் கட்சியில் முழுசாகச் சேர முடியவில்லை.

ஆனால் 10 மீட்டர் சட்டம் கொரில்லாக் குட்டிக்குத் தெரியுமா? அது ஆசையாகக் கிட்டே வரும். அப்போது தொடாமல் மெதுவாகப் பின்வாங்க வேண்டும். பெரிய ஆண் சீறி வந்தால் ஓடக்கூடாது. கண்ணைப் பார்க்காமல், குனிந்து உட்கார்ந்துவிட வேண்டும்.