வில்லியம் ஹாரிங்டன்

வில்லியம் ஜே. ஹாரிங்டன் (1923 – 1992) அமெரிக்காவைச் சேர்ந்த மருத்துவரும் குருதியியல் ஆய்வாளரும் ஆவார். குருதிச் சிறுதட்டுகள் குறைந்து தோலில் ஊதாப் புள்ளிகளும் குருதிக் கசிவும் தோன்றும் நோய்க்குக் காரணம் நோயாளியின் குருதியிலேயே உள்ளது என்பதைத் தன் உடலிலேயே சோதித்துக் காட்டியமைக்காக இவர் அறியப்படுகிறார்.

பின்னணி

ஆரோக்கியமானவரின் குருதியில் ஒரு மைக்ரோலிட்டருக்கு ஏறத்தாழ 1,50,000 முதல் 4,50,000 வரை சிறுதட்டுகள் காணப்படும். இந்நோயில் அவை சில ஆயிரங்களாகக் குறைந்துவிடக்கூடும். 1735 இல் செருமானிய மருத்துவர் வெர்லோஃப் இதனை விவரித்திருந்தார். மண்ணீரலை அகற்றினால் பலர் குணமடைவதும் 1916 முதல் அறியப்பட்டிருந்தது. எனினும், சிறுதட்டுகள் உற்பத்தியாவதில்லையா அல்லது உற்பத்தியானபின் அழிக்கப்படுகின்றனவா என்ற வினா 1950 வரை தீரவில்லை.

ஹாரிங்டன் பாஸ்டன் நகரில் பயின்ற காலத்தில், இந்நோயுற்ற 17 வயதுப் பெண்ணொருவர் மண்ணீரல் அகற்றப்பட்டும் உயிரிழந்ததைக் கண்டார். பின்னாளில் அவர் இந்த வினாவைத் தேர்ந்தெடுக்க அந்நிகழ்வே காரணமாயிற்று.

1950 ஆம் ஆண்டுச் சோதனை

செயிண்ட் லூயிஸ் நகரின் பார்ன்ஸ் மருத்துவமனையில் கார்ல் மூரின் துறையில் பணிபுரிந்தபோது, ஹாரிங்டனும் உடன் பணியாற்றிய ஜேம்ஸ் ஹாலிங்ஸ்வொர்த்தும் ஒரு முடிவுக்கு வந்தனர். இந்நோயாளி ஒருவரின் குருதி வகை தம் இருவரில் எவருடையதோடு பொருந்துகிறதோ, அவர் அக்குருதியை ஏற்பது என்பதே அது. ஹாரிங்டனின் வகை பொருந்தியது. ஏறத்தாழ அரை லிட்டர் குருதி அவருக்கு ஏற்றப்பட்டது.

மூன்று மணி நேரத்திற்குள் அவரது சிறுதட்டுகள் பெரும்பாலும் மறைந்தன. அவருக்கு வலிப்பும் ஏற்பட்டது. நான்கு நாட்கள் எண்ணிக்கை அபாயகரமான அளவிலேயே இருந்து, ஐந்தாம் நாளில் மீண்டது. அந்நாட்களில் மூளையில் கசிவு ஏற்பட்டிருந்தால் அவர் இறந்திருக்கக்கூடும். அவரது மார்பெலும்பின் மச்சையை ஆராய்ந்தபோது, சிறுதட்டுகளைத் தோற்றுவிக்கும் பெருங்கரு உயிரணுக்கள் வழக்கமான எண்ணிக்கையில் இருந்தன. ஆகவே குறைபாடு உற்பத்தியில் அன்று, அழிவிலேயே உள்ளது என்பது தெளிவாயிற்று.

பின்னர் அம்மருத்துவமனையின் ஏனைய தன்னார்வலர்களும் இவ்வாறே குருதி ஏற்றுக்கொண்டனர். முடிவுகள் 1951 இல் வெளிவந்தன. இன்றைய ஆய்வு நெறிமுறைகளின்படி இத்தகைய சோதனைக்கு அனுமதி கிடைப்பது அரிது.

குழந்தைகளில் பிறபொருளெதிரிகள்

1953 இல் ஹாரிங்டனும் குழுவினரும் பிறந்த குழந்தைகளில் காணப்படும் சிறுதட்டுக் குறைவையும் ஆராய்ந்து வெளியிட்டனர். தாயின் பிறபொருளெதிரிகள் நஞ்சுக்கொடியைக் கடந்து குழந்தையை அடைகின்றன. தாய்க்கே இந்நோய் இருந்தாலும், தந்தைவழி வந்த சிறுதட்டுக் கூறொன்றைத் தாயின் உடல் அந்நியமெனக் கருதினாலும் இவ்வாறு நேரலாம். பின்னதில் தாய் நலமாகவே இருப்பார். குழந்தைக்கோ மூளைக் கசிவு ஏற்படும் ஆபத்து உண்டு. எனவே இவ்வகையில் தாயின் குருதியில் பிறபொருளெதிரியைத் தேடுவது இன்றும் இன்றியமையாத சோதனையாகும்.

வளர்ந்த குழந்தைகளின் நிலை வேறு. பெரும்பாலும் தீநுண்மத் தொற்றுக்குப்பின் தோன்றும் இந்நோய், பெரும்பான்மையோரில் ஆறு மாதங்களுக்குள் தானே அகன்றுவிடுகிறது. ஹாரிங்டன் குறிப்பிட்ட காரணி இம்யூனோகுளோபுலின் ஜி வகையினது என ஷுல்மன் 1965 இல் காட்டினார். அது சிறுதட்டின் மேற்பரப்பிலுள்ள இனிப்புப்புரதங்களைத் தாக்குவது 1982 இல் கண்டறியப்பட்டது. ஆயினும் நோயுள்ள பலரிடம் சோதனையில் பிறபொருளெதிரி தென்படுவதில்லை; வேறு காரணங்களால் சிறுதட்டு குறைந்தோரிடமும் பழைய சோதனைகள் அதனைக் காட்டின. ஆதலால், சோதனையில் ஒன்றும் தெரியாமையைக் கொண்டு நோயில்லை என விலக்க இயலாது. குழந்தையின் நோய்வரலாறு, உடற்பரிசோதனை, குருதிப் பூச்சு ஆகியவற்றைக் கொண்டே நோய் அறியப்படுகிறது.

பிற்காலம்

ஹாரிங்டன் பின்னர் மயாமி பல்கலைக்கழகத்தில் மருத்துவத் துறைத் தலைவராகப் பல ஆண்டுகள் பணியாற்றினார். 1992 இல் காலமானார்.