சவுக்கு வேரில் ஒரு ஜெர்மானியர்

திண்டிவனத்தில் இருந்து மரக்காணம் பக்கம் போயிருக்கிறீர்களா? எத்தனை சவுக்குத் தோப்புகள்! சத்தில்லாத கடற்கரை மணலில் சவுக்கு மட்டும் எப்படித் தழைக்கிறது?

சவுக்கு வேரில் சின்னச் சின்ன முடிச்சுகள் கொத்தாக இருக்கும். (தோப்புக்காரரைக் கேட்காமல் கன்றைப் பிடுங்கி விடாதீர்கள்!) அதற்குள் 'பிராங்கியா' என்ற பாக்டீரியா குடியிருக்கிறது. காற்றில் உள்ள நைட்ரஜனைப் பிடித்து, மரத்துக்கு உரமாக்கித் தருவது அதுதான்.

அந்தப் பெயர் ஒரு மனிதரின் பெயரில் இருந்து வந்தது. அவர்தான் ஆல்பர்ட் பெர்ன்ஹார்ட் பிராங்க். 1839ல் ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரில் பிறந்தார். லைப்சிக்கில் படித்து, அங்கேயே பணியாற்றி, 1881ல் பெர்லின் வேளாண் கல்லூரிக்குப் பேராசிரியராக வந்தார்.

அங்கே அரசாங்கம் அவருக்கு ஒரு வேலை கொடுத்தது. மர வேர்களை ஒட்டி மண்ணுக்குள் விளையும் 'டிரபிள்' என்ற பூஞ்சைக்கு அந்த நாடுகளில் நல்ல விலை. அதைப் பயிரிட வழி உண்டா என்று பார்க்கச் சொன்னார்கள். வழி கிடைக்கவில்லை. ஆனால், ஓக், பீச், பைன் மரங்களின் நுனி வேர்களைத் தோண்டிப் பார்த்தவருக்கு ஆச்சரியம்! விரலுக்கு உறை போட்டது போல, அவற்றை ஒரு பூஞ்சை மூடியிருந்தது. 1885ல் அதற்கு 'மைக்கோரைசா' என்று பெயர் வைத்தார். கிரேக்க மொழியில் 'பூஞ்சை வேர்' என்று பொருள்.

பூஞ்சை என்றாலே நோய் என்று எல்லாரும் நினைத்த காலம் அது. இத்தனைக்கும், பயிர் நோய்களைப் பற்றிப் பெரிய புத்தகம் எழுதியவர் பிராங்க்! அவரே, இது நோயல்ல, கூட்டாளி என்றார். பூஞ்சை மண்ணில் இருந்து சத்தை உறிஞ்சித் தருகிறது. மரம் தன் உணவில் பங்கு கொடுக்கிறது. அறிஞர்கள் பலர் இதை ஏற்கவில்லை.

பிராங்க் சும்மா இருக்கவில்லை. பைன் நாற்றுகளை இரண்டு வகை மண்ணில் வளர்த்தார். ஒன்று, சாதாரண மண். மற்றொன்று, நுண்ணுயிர்களை அழித்த மண். சாதாரண மண்ணில் கன்றுகள் செழித்தன. மற்றவை நோஞ்சானாக நின்றன. 1894ல் இதை வெளியிட்டார்.

பைன் விதை முளைத்து வேர் விட்ட பிறகு, மண்ணில் இருந்துதான் பூஞ்சை வந்து ஒட்டிக் கொள்கிறது. மரம் வளர வளர, கூட்டாளிகளும் மாறுகிறார்கள். சிறு கன்றோடு சேரும் வகைகள் வேறு. பெரிய மரத்தோடு சேரும் வகைகள் வேறு.

முடிச்சுக்குள் இருக்கும் உயிருக்கு 1886ல் பிராங்கின் பெயரை வைத்தவர், நார்வே நாட்டு அறிஞர் புருன்கோர்ஸ்ட். அப்போது அதையும் பூஞ்சை என்றே நினைத்தார்கள். பாக்டீரியா என்பது பின்னால்தான் தெரிந்தது.

பிராங்க் 1900ல் காலமானார். பிராங்கியாவை வேரில் இருந்து பிரித்துத் தனியாக வளர்க்க முடிந்தது 1978ல்தான்.