சார்லஸ் பிராட்லா

சார்லஸ் பிராட்லா (செப்டம்பர் 26, 1833 - சனவரி 30, 1891) இங்கிலாந்தைச் சேர்ந்த அரசியல்வாதி, சொற்பொழிவாளர், இதழாசிரியர், நாத்திகர் ஆவார். 1866 ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் தேசிய மதச்சார்பற்றோர் சங்கத்தைத் தோற்றுவித்தவர்களுள் ஒருவர். 1880 ஆம் ஆண்டில் பிரித்தானிய நாடாளுமன்றத்தின் மக்களவைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டும், கடவுள் நம்பிக்கை இல்லாதவர் என்ற காரணத்தால் ஏறத்தாழ ஆறு ஆண்டுகள் இருக்கை மறுக்கப்பட்டார். சமய நம்பிக்கையைக் குடியுரிமைக்கு அளவுகோலாகக் கொள்ளலாமா என்னும் வினாவை இவரது போராட்டம் நாடு முழுவதும் எழுப்பியது. இந்தியர்களின் அரசியல் உரிமைகளுக்காக மக்களவையில் தொடர்ந்து குரல் கொடுத்தமையால் இந்தியாவின் உறுப்பினர் எனவும் அழைக்கப்பட்டார்.

இளமைக் காலம்

பிராட்லா கிழக்கு இலண்டனில் உள்ள ஹாக்ஸ்டன் பகுதியில் பிறந்தார். தந்தை ஒரு வழக்கறிஞர் அலுவலகத்தில் எழுத்தராகப் பணிபுரிந்தார். குடும்பத்தின் வறுமை காரணமாகப் பதினொரு வயதில் பள்ளிப் படிப்பு நின்றது. முதலில் அலுவலகச் சிற்றாளாகவும், பின்னர் நிலக்கரி வணிகர் ஒருவரிடம் எழுத்தராகவும் வேலை செய்தார்.

அக்காலத்தில் பிராட்லா சமயப் பற்றுள்ள இளைஞராகவே இருந்தார். தேவாலயத்தின் ஞாயிறு பள்ளியில் ஆசிரியராகவும் இருந்தார். இங்கிலாந்துத் திருச்சபையின் முப்பத்தொன்பது கோட்பாடுகளை விவிலியத்துடன் ஒப்பிட்டுப் படித்தபோது அவருக்குச் சில ஐயங்கள் எழுந்தன. அவற்றைத் தீர்த்து வைக்குமாறு பங்குக் குருவிடம் கேட்டார். குருவோ அவரை நாத்திகர் எனக் குற்றஞ்சாட்டி, ஆசிரியர் பொறுப்பிலிருந்து விலக்கினார். இதன் தொடர்ச்சியாக அவர் வீட்டையும் விட்டு வெளியேற நேர்ந்தது. பத்திரிகைச் சுதந்திரத்துக்காகப் பலமுறை சிறை சென்ற ரிச்சர்டு கார்லைலின் துணைவியார் எலிசா ஷார்ப்பிள்ஸ் அவருக்கு அடைக்கலம் கொடுத்தார்.

1850 இல் தமது முதலாவது சிறு நூலை வெளியிட்டார். கடன் பெருகிய நிலையில் நண்பர்களின் உதவியை ஏற்க மனமின்றி இராணுவத்தில் சேர்ந்து, குதிரைப்படை வீரராக அயர்லாந்தில் பணியாற்றினார். 1853 இல் உறவினர் ஒருவர் விட்டுச் சென்ற பணத்தைச் செலுத்தி இராணுவத்திலிருந்து விடுதலை பெற்று, இலண்டன் திரும்பி வழக்கறிஞர் அலுவலக எழுத்தரானார். இவ்வேலையில் பெற்ற சட்ட அறிவே பிற்காலத்தில் தமது வழக்குகளைத் தாமே வாதாட அவருக்கு உதவியது.

இதழியலும் இயக்கமும்

வேலையைப் பாதிக்காதிருக்கும் பொருட்டு, உருவச்சிலைகளை உடைப்பவர் எனப் பொருள்படும் புனைபெயரில் எழுதியும் பேசியும் வந்தார். 1858 இல் இலண்டன் மதச்சார்பற்றோர் சங்கத்தின் தலைவரானார். 1860 முதல் நேசனல் ரிஃபார்மர் என்னும் வார இதழின் ஆசிரியரானார். தெய்வ நிந்தனை அல்லது அரச நிந்தனை வெளிவந்தால் ஈடாகக் கொள்ள இதழ்கள் முன்கூட்டியே பிணைத்தொகை கட்டவேண்டும் என்று அன்று ஒரு சட்டம் இருந்தது. அத்தொகையைக் கட்ட மறுத்ததால் 1868 இல் அவர்மீது அரசு வழக்குத் தொடர்ந்தது. அடுத்த ஆண்டு அச்சட்டமே நீக்கப்பட்டது.

1874 இல் அன்னி பெசன்ட் அம்மையார் இவருடன் இணைந்து பணியாற்றத் தொடங்கினார். 1877 இல் இருவரும் குடும்பக் கட்டுப்பாடு பற்றி அமெரிக்க மருத்துவர் சார்லஸ் நோல்ட்டன் எழுதிய நூலை மறுபதிப்புச் செய்தனர். இதற்காக அவர்களுக்கு ஆறு மாதச் சிறைத்தண்டனையும் 200 பவுண்டு அபராதமும் விதிக்கப்பட்டன. மேன்முறையீட்டில் சட்ட நுணுக்கம் ஒன்றின் அடிப்படையில் தீர்ப்பு தள்ளுபடியானது. எனினும் நாத்திகர் என்பதையும் இந்நூலை வெளியிட்டதையும் காரணம் காட்டி, அன்னி பெசன்ட்டிடமிருந்து அவரது மகளை 1878 இல் நீதிமன்றம் பிரித்தது.

சத்தியப் பிரமாணமும் உறுதிமொழியும்

அக்காலத்தில் நீதிமன்றத்தில் சாட்சி சொல்பவரும் நாடாளுமன்றத்தில் அமர்பவரும் கடவுளின் பெயரால் சத்தியப் பிரமாணம் செய்தல் வேண்டும். ஆணையிடுவதைத் தமது சமயமே தடுக்கிறது எனக் கூறிய குவேக்கர் போன்ற சில கிறித்தவப் பிரிவினருக்கு மட்டும், கடவுள் பெயரைக் கூறாத உறுதிமொழி அனுமதிக்கப்பட்டிருந்தது. கத்தோலிக்கர்களுக்கு 1829 இல் நாடாளுமன்றம் திறந்துவிடப்பட்டது. யூதரான லயனல் டி ரோத்சைல்டு 1847 இல் தேர்ந்தெடுக்கப்பட்டும், பிரமாண வாசகத்தில் இருந்த கிறித்தவச் சொற்கள் காரணமாக 1858 வரை அவையில் அமர இயலவில்லை. இவ்வாறு ஒவ்வொரு பிரிவினருக்கும் தனித்தனியாகவே சலுகை வழங்கப்பட்டு வந்தது. எந்தச் சமயத்தையும் சேராதவருக்கு அதில் இடம் இருக்கவில்லை.

இதன் விளைவை பிராட்லா தம் வாழ்விலேயே கண்டார். தமக்கு வரவேண்டிய பணத்துக்காக அவர் தொடர்ந்த வழக்கில், நாத்திகர் என்பதால் அவரது சாட்சியம் ஏற்கப்படவில்லை. அதாவது, கடவுளை நம்பாத ஒருவர் ஏமாற்றப்பட்டால் நீதிமன்றத்தில் தமது தரப்பைக் கூறவும் வழியில்லை. 1869, 1870 ஆம் ஆண்டுகளின் சாட்சியச் சட்டத் திருத்தங்கள் இக்குறையை நீக்கின.

நாடாளுமன்றப் போராட்டம்

நார்த்தாம்ப்டன் தொகுதியில் 1868 இல் ஒருமுறையும் 1874 இல் இருமுறையும் போட்டியிட்டுத் தோற்ற பிராட்லா, 1880 பொதுத்தேர்தலில் வெற்றி பெற்றார். மே 3, 1880 அன்று அவைக்கு வந்து, பிரமாணத்துக்குப் பதிலாக உறுதிமொழி எடுக்கும் உரிமையைக் கோரினார். இதனை ஆராய்ந்த தெரிவுக்குழு ஒரே ஒரு வாக்கு வேறுபாட்டில் அவருக்கு அவ்வுரிமை இல்லை என முடிவு செய்தது. அப்படியானால் வழக்கமான பிரமாணத்தையே எடுப்பதாக அவர் அறிவித்தார். கடவுளை நம்பாதவர் எடுக்கும் பிரமாணம் செல்லாது எனக் கூறி அவை அதனையும் தடுத்தது. அவையை விட்டு வெளியேற மறுத்ததால், சூன் 23, 1880 அன்று நாடாளுமன்ற மணிக்கூண்டில் உள்ள அறையில் அடைக்கப்பட்டு மறுநாள் விடுவிக்கப்பட்டார்.

பின்னர், சட்ட விளைவுகளைத் தாமே ஏற்கவேண்டும் என்ற நிபந்தனையுடன் உறுதிமொழி எடுக்க அனுமதிக்கப்பட்டார். உடனே அவர்மீது வழக்குத் தொடரப்பட்டது. சட்டப்படியான பிரமாணம் இன்றி வாக்களித்த ஒவ்வொரு முறைக்கும் 500 பவுண்டு தண்டம் என்பது சட்டம். 1881 இல் நீதிமன்றம் அவருக்கு எதிராகத் தீர்ப்பளிக்க, அவர் பதவி இழந்தார். அதனால் வந்த இடைத்தேர்தலில் நார்த்தாம்ப்டன் மக்கள் அவரையே மீண்டும் தேர்ந்தெடுத்தனர். ஆகஸ்ட் 3, 1881 அன்று அவைக்குள் நுழைய முயன்றபோது காவலர்கள் அவரை வலுக்கட்டாயமாக வெளியேற்றினர். 1882 பெப்ரவரியில் தாமே பிரமாணத்தை வாசித்துக் கையொப்பமிட்டார். அதற்காக வெளியேற்றப்பட்டு, மீண்டும் தேர்ந்தெடுக்கப்பட்டார். 1884 இலும் இதுவே நிகழ்ந்தது.

கன்சர்வேட்டிவ் கட்சியின் ராண்டால்ஃப் சர்ச்சிலும், கத்தோலிக்கக் கர்தினால் மானிங்கும் அவரைக் கடுமையாக எதிர்த்தனர். மறுபுறம், ஆழ்ந்த சமயப் பற்றுள்ளவரான பிரதமர் கிளாட்ஸ்டன், உறுதிமொழியை அனைவருக்கும் பொதுவாக்கும் சட்டமுன்வரைவை 1883 இல் ஆதரித்துப் பேசினார். அது 289க்கு 292 என்ற கணக்கில் மூன்று வாக்குகளால் தோற்றது. அதே ஆண்டில் தெய்வ நிந்தனைக் குற்றச்சாட்டு ஒன்றையும் எதிர்கொண்டு பிராட்லா விடுதலையானார்.

1885 பொதுத்தேர்தலில் அவர் மீண்டும் வென்றார். சனவரி 13, 1886 அன்று புதிய அவை கூடியபோது, அவைத்தலைவர் ஆர்தர் பீல், உறுப்பினர் ஒருவர் பிரமாணம் எடுப்பதில் தலையிட எவருக்கும் அதிகாரம் இல்லை எனக் கூறி எதிர்ப்புகளுக்கு இடமளிக்கவில்லை. பிராட்லா பிரமாணம் எடுத்துத் தமது இருக்கையில் அமர்ந்தார்.

1888 ஆம் ஆண்டுச் சட்டம்

பிராட்லா கொண்டுவந்த முன்வரைவு 1888 இல் பிரமாணச் சட்டமாக நிறைவேறியது. சமய நம்பிக்கை இல்லாதவரும், பிரமாணம் எடுப்பது தமது நம்பிக்கைக்கு மாறானது எனக் கருதுபவரும் நீதிமன்றத்திலும் நாடாளுமன்றத்திலும் உறுதிமொழி எடுக்க இது வழி செய்தது. நாத்திகர் ஒருவர் கொண்டுவந்த இச்சட்டம், இருசாராருக்கும் ஒரே உரிமையை வழங்கியது குறிப்பிடத்தக்கது. தெய்வ நிந்தனைச் சட்டங்களை நீக்க 1889 இல் அவர் எடுத்த முயற்சி தோல்வியடைந்தது. இங்கிலாந்தில் அக்குற்றம் 2008 ஆம் ஆண்டிலேயே ஒழிக்கப்பட்டது.

இந்தியத் தொடர்பு

1889 டிசம்பரில் பம்பாயில் நடந்த இந்திய தேசிய காங்கிரசின் ஐந்தாவது மாநாட்டில் பிராட்லா கலந்து கொண்டார். இந்தியச் சட்ட அவைகளைச் சீர்திருத்தும் முன்வரைவு ஒன்றை 1890 இல் மக்களவையில் கொண்டுவந்தார். லாகூரில் உள்ள பிராட்லா மண்டபம் அவரது பெயரைத் தாங்கியுள்ளது.

தமிழகத்திலும் அவரது கருத்துகள் பரவியிருந்தன. 1880களில் சென்னை இலௌகிக சங்கத்தினர் இலண்டன் சங்கத்தை முன்மாதிரியாகக் கொண்டு இயங்கினர். அவர்கள் நடத்திய தத்துவவிவேசினி என்னும் தமிழ் இதழ் சாதி, மூடநம்பிக்கை, பெண்களின் நிலை ஆகியன பற்றி எழுதியது.

விமர்சனங்கள்

பொருளற்றது எனத் தாம் கருதிய பிரமாணத்தை எடுக்க பிராட்லா முன்வந்தது முரண்பாடானது என எதிராளிகள் மட்டுமன்றி, சுதந்திர சிந்தனையாளர் சிலரும் குறை கூறினர். மதச்சார்பின்மை வேறு, நாத்திகம் வேறு என்ற கருத்துடைய ஜார்ஜ் ஹோலியோக், பிராட்லாவின் போக்கிலிருந்து வேறுபட்டார். தனிமனித உரிமையை வலியுறுத்திய பிராட்லா சோசலிசத்தை எதிர்த்தமையால், தொழிலாளர் இயக்கத்தில் ஒரு பகுதியினரின் ஆதரவை இழந்தார்.

மறைவு

1891 சனவரியில் பிராட்லா கடுமையாக நோயுற்றார். அவரைத் தடுத்து 1880 இல் நிறைவேற்றிய தீர்மானத்தை அவைக் குறிப்புகளிலிருந்து நீக்க மக்களவை சனவரி 27 அன்று முடிவு செய்தது. அப்போது நினைவிழந்த நிலையில் இருந்த அவர், இச்செய்தியை அறியாமலேயே சனவரி 30 அன்று காலமானார். புரூக்வுட் கல்லறையில் அடக்கம் செய்யப்பட்ட அவரது இறுதிச் சடங்கில், அப்போது இலண்டனில் சட்டம் பயின்றுகொண்டிருந்த மோகன்தாஸ் காந்தியும் கலந்து கொண்டார். 1894 இல் நார்த்தாம்ப்டனில் அவருக்குச் சிலை எழுப்பப்பட்டது.

1948 இல் ஐக்கிய நாடுகள் அவை வெளியிட்ட மனித உரிமைப் பிரகடனத்தின் 18 ஆம் பிரிவு சிந்தனை, மனச்சான்று, சமயம் ஆகியவற்றுக்கான உரிமையை ஒரே வரிசையில் வைக்கிறது. இந்திய அரசியலமைப்பின் மூன்றாவது அட்டவணையும் பதவியேற்பவர் கடவுளின் பெயராலோ உளமாரவோ உறுதிகூறலாம் என இரு வழிகளைத் தருகிறது. இவ்விரண்டில் ஒன்றைத் தெரிவு செய்யும் உரிமைக்காகவே பிராட்லா தம் வாழ்நாளின் பெரும்பகுதியைச் செலவிட்டார்.