மன்றோ கண்ட தங்கத் தோரணம்

ராயக்கோட்டை மலைக்கோட்டையைப் பார்த்திருக்கிறீர்களா? 1792-ல் திப்பு சுல்தானிடமிருந்து அந்தப் பாராமகால் சீமை ஆங்கிலேயர் கைக்கு வந்தபோது, வரி நிர்ணயிக்க வந்தவர்களில் ஒருவர் தாமஸ் மன்றோ. சென்னையில் சேணமில்லாத குதிரைமேல் சிலையாக இருக்கிறாரே, அவரேதான்!

பின்னாளில் மந்திராலய மடத்து நிலம் பற்றி விசாரிக்கப் போனவரிடம், ஸ்ரீராகவேந்திரரே பிருந்தாவனத்திலிருந்து எழுந்து வந்து பேசினாராம். உடனிருந்தவர்கள் கண்ணுக்கு யாருமே தெரியவில்லை. அந்நியருக்குக் கிடைத்த பாக்கியத்தைப் பாருங்கள்!

கடப்பை மாவட்டத்தில் பாபக்னி நதிக்கரையில் கண்டி ஆஞ்சநேயர் கோயில் இருக்கிறது. ராமபிரானை வரவேற்க வாயு பகவான் அங்கே இரு மலைகளுக்கு நடுவே பொன் தோரணம் கட்டினார் என்பது ஐதீகம். ஆயுள் முடியப்போகும் புண்ணியவான்களுக்கே அது தெரியுமாம். கவர்னராக அவ்வழியே வந்த மன்றோ அண்ணாந்து பார்த்து, தோரணம் கட்டியது யார் என்று கேட்டாராம். மற்றவர்களுக்கு வெறும் ஆகாயம்தான். விஷயம் தெரிந்த பெரியவர் ஒருவர் கண்கலங்கி நின்றாராம்.

1827 ஜூலை 6-ம் தேதி, பத்திகொண்டாவில் காலரா கண்டு மன்றோ காலமானார்.