நான்கு விமானங்களில் தொடங்கிய வாழ்க்கை
விமானப் படையின் முதல் இந்தியத் தளபதி சுப்ரதோ முகர்ஜி

இந்திய விமானப் படையில் இன்று நூற்றுக்கணக்கான விமானங்கள் இருக்கின்றன. அந்தப் படை முதன்முதலில் பறந்தபோது இருந்தவை நான்கே நான்கு! அவற்றை ஓட்டிய இளைஞர்களில் ஒருவர், பின்னாளில் படை முழுவதுக்கும் தலைவரானார். அவர்தான் சுப்ரதோ முகர்ஜி.

கல்கத்தாவில் 1911-ம் ஆண்டு மார்ச் 5-ந் தேதி பிறந்தார். தந்தை ஐ.சி.எஸ். அதிகாரி. வீட்டுக்கு இவர் கடைக்குட்டி.

சந்தேகம்

அந்நாளில் இந்தியாவில் இருந்தது வெள்ளையர் விமானப் படை. இந்தியர்களால் போர் விமானம் ஓட்ட முடியுமா என்று பலர் சந்தேகப்பட்டார்கள். அதைச் சோதித்துப் பார்க்கச் சில இளைஞர்களைத் தேர்ந்தெடுத்து, இங்கிலாந்தில் உள்ள கிரான்வெல் கல்லூரிக்கு அனுப்பினார்கள். முகர்ஜி அவர்களில் ஒருவர். 1932-ல் அதிகாரியானார்.

1933 ஏப்ரல் 1-ந் தேதி கராச்சியில் முதல் அணி உருவாயிற்று. 6 அதிகாரிகள், 19 சிப்பாய்கள், நான்கு 'வாப்பிட்டி' விமானங்கள். இதுதான் படை! அந்த ஆண்டிலேயே இரண்டு இளம் விமானிகள் விபத்தில் மாண்டார்கள். மற்றவர்கள் மனம் தளரவில்லை.

காலுறையில் தோட்டா

1939-ல் முகர்ஜி அந்த அணிக்கே தலைவரானார். ஓர் இந்தியர் விமான அணிக்குத் தலைவரானது அதுவே முதல் தடவை.

1940 ஆகஸ்டு மாதம். வடமேற்கு எல்லையில் ஒரு ராணுவக் காவல் சாவடியை மலைவாசிகள் சூழ்ந்துகொண்டார்கள். உள்ளே இருந்த சிப்பாய்களிடம் தோட்டா தீர்ந்துவிட்டது. மேலே பறந்துகொண்டிருந்த முகர்ஜி நிலைமையை அறிந்தார். விமானத் துப்பாக்கியின் தோட்டாக்களைக் கழற்றி, காலுறைகளில் நிரப்பிக் கீழே போடச் செய்தார். சிப்பாய்கள் தொடர்ந்து போராட அந்தத் தோட்டாக்கள் உதவின.

1943-ல் கோஹாட் விமான நிலையத்துக்குத் தலைவரானார். அந்தப் பதவியிலும் இவரே முதல் இந்தியர்.

பொறுமை

1947-ல் சுதந்திரம் வந்தது. ஆனால் விமானப் படைக்கு ஆங்கிலேயரே தலைவராக இருந்தார். அடுத்தடுத்து மூன்று ஆங்கிலத் தளபதிகளின் கீழ் முகர்ஜி துணைத் தலைவராகப் பணிபுரிந்தார். பிரிவினையால் படையும் இரண்டாகியிருந்தது. அதை மீண்டும் கட்டி எழுப்பும் வேலையில் பொறுமையாக ஈடுபட்டார்.

1954 ஏப்ரல் 1-ந் தேதி தளபதி பதவி அவர் கைக்கு வந்தது. நான்கு விமானங்களோடு முதல் அணி தொடங்கி, அன்றோடு சரியாக 21 ஆண்டுகள்! அப்போது அவருக்கு வயது 43. அவர் காலத்தில் மிஸ்டேர், கான்பெரா, ஹண்டர், நாட் ஆகிய ஜெட் விமானங்கள் படையில் சேர்ந்தன.

டோக்கியோவில் முடிவு

1960 நவம்பர் 8-ந் தேதி ஜப்பான் தலைநகர் டோக்கியோவில் இருந்தார். நண்பரோடு சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது உணவு தொண்டையில் சிக்கியது. மூச்சு நின்றது. எத்தனையோ ஆபத்துகளை வானத்தில் வென்றவரின் உயிர், சாப்பாட்டு மேஜையில் பிரிந்தது. வயது 49 தான்.

அவர் மனைவி சாரதா முகர்ஜி துயரத்தில் ஒடுங்கிவிடவில்லை. 1962-ல் பாராளுமன்ற உறுப்பினரானார். பிறகு ஆந்திரா, குஜராத் மாநிலங்களின் கவர்னராகவும் இருந்தார்.

முகர்ஜிக்குக் கால்பந்து என்றால் உயிர். பள்ளிப் பிள்ளைகளுக்கென அவர் எண்ணிய போட்டி 1960-ல் தொடங்கியது. சுப்ரதோ கோப்பை என்ற பெயரில் அவர் நினைவை அது இன்றும் காத்துவருகிறது.