எர்னஸ்ட் எவரெட் ஜஸ்ட்: முட்டையின் இரகசியம் தேடிய அறிஞர்

அமெரிக்க நாட்டுத் தென் கரோலினா மாநிலத்தில் சார்ல்ஸ்டன் என்றொரு துறைமுக நகரம் உண்டு. ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொணரப்பட்ட மக்களுள் பெருந்தொகையினர் இறக்கப்பட்ட கரை அது. அந்நகரில் 1883-ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 14-ஆம் நாள் எர்னஸ்ட் எவரெட் ஜஸ்ட் பிறந்தார். கப்பல்துறை கட்டும் தொழில் புரிந்த தந்தையார், மைந்தனுக்கு நான்கு வயதாகும்போதே மறைந்தார். தாயார் மேரி அம்மையார் பள்ளி ஆசிரியை. குடும்பத்தைக் காக்க ஜேம்ஸ் தீவின் பாஸ்பேட் சுரங்கத்திலும் உழைத்தார். அங்கே தம் இன மக்களை ஒன்றுதிரட்டி ஒரு குடியிருப்பையே நிறுவினார். அவர் பெயராலேயே அது மேரிவில் என வழங்கலாயிற்று. இத்தகைய தாயின் வரலாறு தனி நூலாகவே எழுதத் தக்கது.

சிறுவயதில் தாக்கிய டைபாய்டு காய்ச்சல், ஜஸ்ட் கற்றிருந்த வாசிப்பை முற்றும் மறக்கச் செய்தது. எழுத்தை மீண்டும் முதலிலிருந்து கற்றார். பதினாறு வயதில் கல்வி நாடி வடக்கே சென்றார். நியூ ஹாம்ப்ஷயரில் நான்காண்டுப் படிப்பை மூன்றாண்டில் முடித்தார். அதற்கிடையே தாயை இழந்தார். 1907-இல் டார்ட்மவுத் கல்லூரியில் உயர்சிறப்புடன் பட்டம் பெற்றார். எனினும் வெள்ளையர் பல்கலைக்கழகம் எதுவும் கறுப்பினப் பட்டதாரிக்கு ஆசிரியர் பதவி அளிக்காத காலம் அது. வாஷிங்டனில் கறுப்பின மாணவர் பயின்ற ஹோவர்டு பல்கலைக்கழகமே அவருக்கு இடமளித்தது.

1909-ஆம் ஆண்டுக் கோடையில், பேராசிரியர் லில்லியின் உதவியாளராக உட்ஸ் ஹோல் கடல் உயிரியல் ஆய்வகத்துக்குச் சென்றார். அதன்பின் ஏறத்தாழ இருபது கோடைகள் அங்கேயே கழிந்தன. கடற்புழு, கடல் முள்ளெலியின் இனத்தைச் சேர்ந்த மணற்காசு ஆகியவற்றின் முட்டைகளே அவர் ஆய்வுப் பொருள்கள். கண்ணாடிக் கலத்தில் சிறிது அழுக்கு ஒட்டியிருந்தாலும், நீர் சற்றே வெப்பமடைந்தாலும் முட்டை கெடும். கெட்ட முட்டையிலிருந்து பெறும் முடிவும் கெடும். இதில் அவர் காட்டிய கண்டிப்பு உடன் ஆய்வோரை வியக்க வைத்தது. பெயர் பெற்ற அறிஞர் பலரும் முட்டைகளைக் கையாளும் முறையை அவரிடம் கேட்டறிந்தனர். விந்தணு தொட்ட புள்ளியிலிருந்து ஒரு மாற்றம் அலைபோல் முட்டையின் மேற்பரப்பெங்கும் விரைந்து பரவுவதையும், அதனால் இரண்டாம் விந்தணு நுழைய வழியற்றுப் போவதையும் அவர் விளக்கினார். 1915-இல் முதல் ஸ்பிங்கார்ன் பதக்கம் அவரை வந்தடைந்தது. 1916-இல் சிகாகோ பல்கலைக்கழகம் டாக்டர் பட்டம் வழங்கியது. அண்ணல் அம்பேத்கர் கொலம்பியாவை விட்டு லண்டனுக்குப் பயணமானதும் அதே ஆண்டில்தான்.

ஜஸ்டின் உள்ளத்தை ஆட்கொண்ட வினா ஒன்றுண்டு. கருவுற்ற முட்டை ஒன்றே; அது பிளந்து பிளந்து உண்டாகும் எல்லா உயிரணுக்களிலும் குரோமோசோம்கள் ஒன்றே. அங்ஙனமாயின் ஒன்று தசையாகவும் மற்றொன்று நரம்பாகவும் மாறுவது எங்ஙனம்? மரபணுக்களே அனைத்தையும் ஆள்கின்றன என்ற கருத்து ஓங்கியிருந்த நாளில், விடை உட்கருவில் மட்டும் இல்லை என்று அவர் வாதிட்டார். சைட்டோபிளாசமும் உயிரணுவின் மேற்பரப்பும் உட்கருவோடு கொள்ளும் உறவிலேயே அதைத் தேடவேண்டும் என்றார். மரபணுவின் ஆற்றலை அவர் வேண்டிய அளவு மதிக்கவில்லை என்பது உண்மையே. ஆயினும் வினாவின் கூர்மை மழுங்கவில்லை.

தாய்நாட்டில் தமக்குரிய ஆய்வுப் பதவி கிட்டாது என்று தெளிந்தவர் ஐரோப்பாவை நாடினார். 1929-இல் நேப்பிள்ஸ், 1930-இல் பெர்லின், ஹிட்லர் ஆட்சிக்கு வந்தபின் பிரான்சு என அவர் வாழ்வு நகர்ந்தது. 1939-இல் உயிரணு மேற்பரப்பின் உயிரியல் பற்றிய பெருநூலை வெளியிட்டார். மறு ஆண்டு ஜெர்மானியப் படை பிரான்சினுள் புகுந்தது. அவரும் சிறிது காலம் முகாமில் அடைக்கப்பட்டார். விடுதலை பெற்று நாடு திரும்பியவர், கணையப் புற்றுநோயால் 1941 அக்டோபர் 27-இல் மறைந்தார்.

அவர் எழுப்பிய வினாவுக்கு விடை பின்னரே துலங்கிற்று. மரபணுக்களை இயக்கவும் நிறுத்தவும் வல்ல கட்டுப்பாட்டு மரபணுக்கள் உண்டென்பதை 1961-இல் ஜாக்கோபும் மோனோவும் பாக்டீரியாவைக் கொண்டு விளக்கினர். நம் உடலில் ஏறக்குறைய 20,000 புரத மரபணுக்கள் உள்ளன. பெரும்பாலான உயிரணுக்கள் அவை அனைத்தையும் தாங்கியுள்ளன. கணையத்தின் குறிப்பிட்ட உயிரணுக்களிலோ இன்சுலின் மரபணு விழித்திருக்கிறது; நரம்பணுவில் அது உறங்குகிறது. 1987-இல் ஒரே ஒரு கட்டுப்பாட்டு மரபணுவைச் செலுத்தி இணைப்புத்திசு உயிரணுவைத் தசையணுவாக்கினர். 1988-இல் பழ ஈயின் முட்டையில் இன்னொன்று தெளிவாயிற்று. தாய் ஈ, முட்டையின் ஒரு முனைச் சைட்டோபிளாசத்தில் ஒரு செய்தி ஆர்.என்.ஏ.வை வைக்கிறது. அதிலிருந்து உண்டாகும் புரதம் அம்முனையில் மிகுந்தும் அப்பால் குறைந்தும் பரவுகிறது. எந்த உட்கருவில் எந்த மரபணு விழிக்கவேண்டும் என்பதை அந்த அளவே வகுக்கிறது. புரதம் மிகுந்த முனையில் ஈயின் தலை உருவாகிறது.